விடுமுறையில் எங்கே போவது?

தவணை முடியும் நாளில் எங்கள் வகுப்பில் யாரிடம் கேட்டாலும் விடுமுறைத் திட்டம் ஒன்றுதான்: டியூஷன். காலையில் ஒரு வகுப்பு, பின்னேரம் இன்னொன்று, இடையில் விட்டுப்போன குறிப்புகளை எழுதி முடிப்பது. பரீட்சை முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொலைநோக்கி வழியாக ஒருமுறையாவது பார்க்க ஆசைப்படுகிறவள், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் சித்திரக்கதை வரைகிறவள், பழுதான ரேடியோவைக் கழற்றிப் பரப்பி வைத்து உம்மாவிடம் ஏச்சு வாங்குகிறவள் எல்லோருக்கும் விடுமுறை ஒரே மாதிரித்தான் கழிய வேண்டுமா? கொழும்பிலும் அதைச் சுற்றியும் வாழும் எங்களுக்கு இந்த நகரம் எவ்வளவோ வைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதியை நாங்கள் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்து முடித்துவிடுகிறோம்.

ஏதாவது ஒன்றில் இப்படி மூழ்கிக் கிடப்பவரை ஆங்கிலத்தில் 'கீக்' என்பார்கள். முன்பு அது ஏளனச் சொல். இன்று பலர் பெருமையாகத் தம்மை அப்படி அழைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் 'விசர்'. இவளுக்குப் புத்தக விசர், அவனுக்குக் கொம்பியூட்டர் விசர். நானாவுக்கு அந்த விசர் பிடித்தால் வாப்பா சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்வார். ஒரு வயர் வாங்கவும் ஒரு கண்காட்சி பார்க்கவும் அவன் தனியே போய் வருவான். தங்கைக்குப் பிடித்தால், "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்ற கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு விசர். ஒன்றுக்குப் பஸ் காசு கிடைக்கிறது, மற்றதற்கு இல்லை. நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

கதைப் புத்தகங்களில் வருகிற கோடை விடுமுறை எங்களுக்குக் கிடையாது. கொழும்பில் ஆண்டு முழுவதும் வியர்வைதான். மற்றப் பாடசாலைகளுக்கு ஓகஸ்ட் விடுமுறை என்று பேசப்படும்போது, முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பை ஒட்டியே அமைகிறது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்வதால் அதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நகரத்தின் நிகழ்ச்சிகளோ ஓகஸ்ட், செப்டெம்பர் என்று தம் பாட்டுக்கு வந்து போகின்றன. ஆகவே விடுமுறை வரட்டும் பார்ப்போம் என்று இருந்தால் பார்க்கவே மாட்டோம். சனி, ஞாயிறுகளையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இந்த நகரத்தில் வாழ்ந்த மிகப் பெரிய கீக் யார் என்று கேட்டால் நான் ஆர்தர் சி. கிளார்க்கைச் சொல்வேன். பூமியின் சுழற்சியோடு ஒத்து, ஒரே இடத்தின் மேல் நிலைத்து நிற்கும் செய்மதிகளைக் கொண்டு உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவரை இங்கே இழுத்தது வானமல்ல, கடல். சுழியோடுவதில் அவருக்கு அப்படியொரு விசர். 1961இல் அவருடைய கூட்டாளி மைக் வில்சனின் குழு தென்கரைக்கு அப்பால் உள்ள பாறைகளுக்கிடையே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலைக் கண்டுபிடித்தது. அதில் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்த வெள்ளி நாணயங்கள் இருந்தன. அவை ஒளரங்கசீப் காலத்தில் சூரத்தில் வார்க்கப்பட்டவை. அவற்றில் பொறித்திருந்தது ஹிஜ்ரி 1113. விண்வெளிக் கதை எழுதும் ஓர் ஆங்கிலேயரின் வீட்டுக்கு முகலாயர் காசு இலங்கைக் கடலிலிருந்து வந்து சேர்ந்த கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் பெயரால் மொறட்டுவை கட்டுபெத்தவில் ஒரு நிறுவனம் இயங்குகிறது. இலங்கையின் முதல் சிறு செய்மதியான இராவணா-1 அதன் முயற்சியில் உருவானது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் அதைச் செய்த இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர்: தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்கா விதானகே. இரண்டாமவர் பெண். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய எடையுள்ள அந்தப் பெட்டி 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. துலானியின் பெயரை எங்கள் கல்லூரியில் எத்தனை பேர் அறிவார்கள் என்று ஒருநாள் காலைக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வானம் பார்க்க எங்களுக்கு அருகிலுள்ள இடம் கோள்மண்டலம். 1965இல் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்காகப் பொறியியலாளர் குலசிங்கவின் வடிவமைப்பில் தாமரை மொட்டுப் போல எழுப்பப்பட்ட கட்டடம் அது. எங்களில் பலர் ஆறாம் தரத்தில் வரிசையில் போய், வரிசையில் இருந்து, வரிசையில் திரும்பி வந்ததோடு சரி. அந்த வயதில் இருட்டில் கூச்சலிடுவதே பெரிய சந்தோஷம். நட்சத்திரம் பார்க்க வேண்டிய வயதில் யாரும் கூட்டிப் போவதில்லை.

இத்தனைக்கும் மாதா மாதம் வானத்தைப் பார்க்கிற சமூகம் நாங்கள். பெரிய பள்ளிவாசலில் பிறைக் குழு கூடுகிறது என்றால் வீடே வானொலியைச் சுற்றி இருக்கிறது. ஆனால் பெருநாள் வாழ்த்து மடல்களில் பிறை எழுந்து நிற்கிறது. எங்கள் மேல்வானத்தில் அது பெரும்பாலும் படகு போலப் படுத்திருக்கிறது. நாங்கள் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அப்படி. எந்த மாதத்தில் படுக்கிறது, எந்த மாதத்தில் சாய்கிறது என்று ஓர் ஆண்டு முழுவதும் மொட்டைமாடியிலிருந்து வரைந்து வைக்க ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் போதும். எந்த வானியல் சங்கமும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

புறக்கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தக் கண்காட்சி மண்டபத்தையும்விட எனக்கு அதுதான் பெரிது. முதலாம் குறுக்குத் தெருவில் மின் சாமான்களும் மின்னணுச் சாமான்களும் விற்கிறார்கள். சின்னச் சின்ன விளக்குகள், மோட்டார்கள், பற்றவைக்கும் கருவிகள், பெயர் தெரியாத பச்சைத் தகடுகள் எல்லாம் கிடைக்கும். நகரத்தில் எதையாவது தன் கையால் செய்து பார்க்கிற பொடியன்கள் எல்லோரும் ஒருநாள் அங்கே வந்து போனவர்கள்தான். என் சாச்சாவின் மகள் ஒன்பதாம் தரத்தில் படிக்கிறாள். விஞ்ஞான வேலைத்திட்டத்துக்கு ஒரு சிறு மோட்டார் வாங்கத் தன் நானாவோடு போனாள். எத்தனை வோல்ற் என்று கேட்டது அவள். கடைக்காரர் முழு விடையையும் அவள் நானாவைப் பார்த்தே சொல்லி முடித்தார். நானாவுக்கோ வோல்றும் தெரியாது, மோட்டாரும் தெரியாது. அந்த மனிதரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படிக் கேட்கிற பிள்ளையை அவர் அதிகம் கண்டதில்லை, அவ்வளவுதான். பத்துப் பிள்ளைகள் போய்க் கேட்டால் பதினோராவது பிள்ளையைப் பார்த்துப் பேசுவார்.

அங்கிருந்து ஒரு தெரு தள்ளினால் இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி. ஜாமிஉல் அல்ஃபார் என்ற பெயரைவிட அந்தப் பெயரே எல்லோருக்கும் தெரியும். 1908இல் வேலை தொடங்கி 1909இல் முடிந்தது. அதை வடிவமைத்த சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர். தென்னிந்திய வியாபாரிகள் கொண்டு வந்த கட்டடப் படங்களைப் பார்த்து, தன் கற்பனையையும் கூட்டி, செங்கல்லும் வெள்ளையுமாகக் கோடும் கட்டமும் சுருளும் போட்டு, மாதுளங்கனி போன்ற குவிமாடங்களை மேலே ஏற்றினார். எங்கள் ஊர் கீக் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். உலகத்தின் எங்கிருந்தோ வருகிற சுற்றுலாப் பயணிகள் தெரு நடுவில் நின்று அதைப் படமெடுக்கிறார்கள். நாங்கள் பக்கத்துக் கடையில் துணி வாங்கிவிட்டுத் தலையை உயர்த்தாமல் வருகிறோம். சித்திரம் பாடமாக எடுக்கும் பிள்ளைகளை ஒரு காலை அங்கே நிறுத்தி, ஒரே ஒரு தூணை வரையச் சொன்னால் ஒரு தவணைப் பாடம் அதில் கிடைக்கும். பழைய வீடுகளையும் விகாரைகளையும் தேடித் தேடிப் போய் வரைந்தவர் பார்பரா சன்சோனி. கைத்தறியில் நிறங்களைச் சேர்த்த விதத்துக்காகப் பெயர் பெற்ற அந்த அம்மையாரும் தெருவில் நின்று வரைந்தவர்தான்.

வரைவதற்கு இன்னொரு இடம் தேசிய நூதனசாலை. 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில், உமக்கு என்ன வேண்டும் என்று தேசாதிபதி கிரகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. எங்கள் வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்படாதவர் குறைவு. அந்த நூதனசாலைக்குள் கடைசியாக எப்போது போனோம் என்று கேட்டால் பெருமைப்படுகிறவர்களில் பாதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள்.

இனி நிகழ்ச்சிகள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியை அறியாதவர் இல்லை. அதற்கு மட்டும் எங்கள் வீடுகளில் அனுமதி எளிதில் கிடைக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 'கலா பொல' நடக்கும். 1993இல் ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கியது. தெருவின் இரு பக்கமும் ஓவியர்கள் தங்கள் படங்களைச் சாய்த்து வைத்துவிட்டு அருகிலேயே அமர்ந்திருப்பார்கள். வரைந்தவரிடமே போய், இந்த நீலத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்கலாம். கேட்டால் சொல்வார்கள். ஓவியக்கூடங்களின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குகிற பிள்ளைக்கு அந்தத் தெருவில் தயக்கம் வராது.

2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் வேறு ரகம். சித்திரக்கதை, விளையாட்டு, திரைப்படப் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு இளைஞர்கள் திரள்கிற விழா. பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வேஷம் போடுவது, கூட்டம், இரைச்சல் என்று காரணங்கள் உண்டு. இரைச்சலைப் பற்றிய குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விழாவில் எனக்கு முக்கியமாகப் படுவது வேஷமல்ல, ஒரு பக்கமாக மேசை போட்டு இருக்கிற இளம் ஓவியர்கள். தாங்களே வரைந்த கதைகளையும் அட்டைகளையும் தாங்களே விற்கிறார்கள். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைகிற எங்கள் தோழி, தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் காணக்கூடிய இடம் அது. வேஷத்தைப் பற்றியும் ஒரு சொல்: மலேசியாவில் ஹிஜாபையே உடையின் ஒரு பகுதியாக்கிப் பாத்திரங்களாக வருகிற பெண்கள் இருக்கிறார்கள். மனமிருந்தால் தைக்க வழியுண்டு.

கமலா கான் என்ற பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். நியூ ஜேர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை. 2014இல் 'மிஸ் மார்வெல்' என்ற தன் சொந்தத் தொடரைப் பெற்றவள். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், பதிப்பாசிரியர்களில் ஒருவர் சனா அமானத். இருவரும் முஸ்லிம் பெண்கள். முதல் தொகுப்புக்கு 2015இல் ஹியூகோ விருது கிடைத்தது. அற்புத சக்தி வருவதற்கு முன் கமலாவுக்கு இருந்த வேலை, தனக்குப் பிடித்த வீரர்களை வைத்துக் கதை எழுதுவது. வீட்டில் கெடுபிடி, வெளியே போக அனுமதி இல்லை, மனம் முழுக்கக் கதை. அமெரிக்காவில் பிறந்த அந்தப் பாத்திரத்தை எங்கள் வகுப்பில் நான்கைந்து மேசைகளில் காணலாம்.

பணமே இல்லாமல் போகக்கூடிய நிகழ்ச்சி வேண்டுமென்றால் காலிமுகத்திடல். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேராக அடிக்கிற மாதங்களில், முக்கியமாக ஓகஸ்டில், அங்கே வானம் நிறையப் பட்டம். வல்வெட்டித்துறையில் அதே விழா தைப்பொங்கலில் வருகிறது. வடகடலோரத்துக்கு அப்போதுதான் வடகீழ்க் காற்று. அங்கே பட்டம் கட்டுகிறவர்கள் பெரும் கலைஞர்கள். கப்பலும் விலங்கும் இயந்திரமுமாகக் கட்டி ஏற்றுகிறார்கள். விண் பூட்டிய பட்டம் காற்றில் இரைகிற இரைச்சல் தொலைவுக்குக் கேட்கும். மூங்கிலை எங்கே சீவினால் எவ்வளவு வளையும், வால் எவ்வளவு நீண்டால் தலை ஆடாது என்பதெல்லாம் பௌதிகவியல்தான், பரீட்சைத்தாள் மட்டும் இல்லை. இதுவும் ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று எப்படியோ தீர்மானமாகிவிட்டது. காலிமுகத்திடலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காகப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைப்பதாக அதில் பொறித்திருக்கிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிற இடத்தில் ஒரு பட்டம் விட நாங்கள் கூச்சப்படுகிறோம்.

சரி, தடை எங்கே? உம்மா, வாப்பாவின் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. பஸ்ஸில் பிள்ளைகளுக்கு நடப்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தொழ இடமிருக்குமா, மஃரிபுக்கு முன் வீடு வருவாளா, கூட யார் என்ற கேள்விகள் நியாயமானவை. விடை சொல்லக்கூடியவையும்கூட. நான் மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலானவை பகலில் போய் அஸருக்கு முன் திரும்பக்கூடியவை. தனியாக அனுப்பப் பயப்படுகிற வீடு பதினைந்து பேராக அனுப்பப் பயப்படாது.

மொழி இன்னொரு தடை. புத்தகக் கண்காட்சியில் தமிழ்க் கடைகளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. மற்ற நிகழ்ச்சிகளில் அறிவிப்பும் பேச்சும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். தமிழில் படிக்கிற பிள்ளை வாய் மூடிப் பார்த்துவிட்டு வருகிறாள். ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தமிழில் விளக்கம் வேண்டும் என்று எழுதிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கல்லூரிக் கடிதத் தாளில், அதிபரின் கையொப்பத்தோடு, நாற்பது மாணவியர் வருகிறோம் என்று முன்கூட்டியே எழுதினால் யாராவது ஒருவர் தமிழ் பேசுபவரை நிறுத்தி வைப்பார்கள் என்றே நம்புகிறேன்.

எங்கள் சங்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. விஞ்ஞான மன்றம், சித்திரக் கழகம், தமிழ் இலக்கிய மன்றம் என்று எல்லாம் இருக்கின்றன. எல்லாமே மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே கூடுகின்றன. வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை. போட்டி என்றால் பேச்சுப்போட்டி. ஒலிவாங்கியின் முன் நிற்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடத்தில் விஞ்ஞானத்தின் விந்தைகளை அடுக்கிவிடுவோம். ஒரு வயரைப் பற்றவைக்கச் சொன்னால் கை நடுங்குகிறது. தவணைக்கு ஒரு கூட்டத்தைக் குறைத்து, அந்தக் கூட்டத்துச் சிற்றுண்டிக் காசில் ஒரு வேன் பிடிக்கலாம் என்பது என் யோசனை. பழைய மாணவியர் சங்கத்தில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர், கணினி வேலை செய்கிற ராத்தாமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் அழைத்து முன்வரிசையில் இருத்துகிறோம். ஆளுக்கு ஒரு சனிக்கிழமை கேட்டால் ஓர் ஆண்டு நிறைந்துவிடும். அவர்களிடம் கேட்கிற பொறுப்பை மாணவத் தலைவியர் எடுக்கட்டும்.

முதற்பயணம் புறக்கோட்டைக்கு இருக்கட்டும். சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கல்லூரி வாசலில் கூடுவது, முதலாம் குறுக்குத் தெருவில் ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் ஏதாவது ஒரு பாகம் வாங்குவது, அதன் விலையையும் வேலையையும் கேட்டது அவளேயாக இருப்பது, பிறகு சிவப்புப் பள்ளியின் எதிர்ப்பக்கத்தில் நின்று அரை மணி நேரம் வரைவது, ளுஹருக்குத் திரும்பிவிடுவது. கூட வர இரண்டு தாய்மார் வேண்டும். என் உம்மா வருவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய கண் மெயின் வீதித் துணிக்கடைகளின் மேல் இருப்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும், இன்னும் ஒரு தாய்தான் தேவை.